கிராஜுவேட் விசா: கல்யாணம் முடிந்து வந்து போடுங்கள்

லண்டனில் முதுகலை முடிகிறது, ஸ்டூடன்ட் விசா ஜனவரி வரை இருக்கிறது, நவம்பரில் அக்கா கல்யாணம். படிப்பு முடிந்தபின் பிரிட்டனில் தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசாவுக்கு இப்போதே விண்ணப்பம் போட்டுவிட்டு ஊருக்குப் போகலாமா என்கிறீர்கள்.

வேண்டாம். முடிவு வருவதற்குள் ஊருக்குக் கிளம்பினால் விண்ணப்பத்தை நீங்களே வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். கட்டணமும் சும்மா இல்லையே! முடிவுக்கு 8 வாரம் வரை ஆகலாம்.

அதனால் கல்யாணத்தை நிம்மதியாகப் பார்த்துவிட்டு, ஸ்டூடன்ட் விசா முடிவதற்குள் திரும்பிவந்து போடுங்கள். ஊரில் இருந்தபடி போட முடியாது. அப்புறம், நீங்கள் தேறியதைப் பல்கலைக்கழகம் பிரிட்டன் உள்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் ரிசல்ட் வந்ததும் "தெரிவித்துவிட்டீர்களா?" என்று பல்கலைக்கழகத்தின் விசா பிரிவுக்கு ஒரு மெயில் தட்டுங்கள். ஜனவரிக்குள் போட்டுவிட்டால், முடிவு தாமதமானாலும் அதுவரை சட்டப்படி அங்கேயே இருக்கலாம்.