ரூன்ஸ்கேப்பை வாங்கியவர்கள் யார்? – கேள்வி-பதில்

கேள்வி: ரூன்ஸ்கேப் என்ற இணைய கேம் திரும்பத் திரும்பக் கைமாறுகிறதே, இப்போது யாரிடம் இருக்கிறது?

கேமை நடத்துவது அன்றும் இன்றும் கேம்பிரிட்ஜில் உள்ள ஜாகெக்ஸ்தான். கைமாறுவது அந்த நிறுவனத்தின் பங்குகள். 2012-இல் பெரும்பங்கு அமெரிக்காவின் இன்சைட் வென்ச்சர் பார்ட்னர்ஸிடம் இருந்தது. 2016-இல் சீன முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். 2020-இல் மெக்கார்தர் ஃபார்ச்சூன் ஹோல்டிங், 2021 ஜனவரியில் கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனம். 2024 பிப்ரவரியில் சிவிசி, ஹவேலி என்ற முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து வாங்குவதாக அறிவிப்பு வந்தது; இப்போது அவற்றிடம்தான் இருக்கிறது. இவற்றில் 2020 விற்பனை ஆட்டக்காரர்களைக் கலங்கடித்தது. மெக்கார்தர் என்பது கேம் உலகில் அதிகம் அறியப்படாத பெயர். அந்தப் பயம் நியாயமானதே.

கேள்வி: அறிவிப்பை நம்பாமல் நானே சரிபார்க்க வழி உண்டா?

உண்டு, காசும் கட்ட வேண்டாம். பிரிட்டன் அரசின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் ‘ஜாகெக்ஸ் லிமிடெட்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ‘பீப்பிள்’ என்ற பிரிவில் இயக்குநர்கள் பட்டியலும், பக்கத்திலேயே கட்டுப்பாடு யாரிடம் என்ற பட்டியலும் இருக்கும். 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ வாக்கோ உள்ளவரை 2016-இலிருந்து அங்கே காட்டியாக வேண்டும்.

பலர் இங்கேதான் ஏமாந்து திரும்புகிறார்கள். பட்டியலில் மனிதர் பெயர் இருக்காது, இன்னொரு பிரிட்டன் கம்பெனியின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைத் தேடுங்கள், அதற்கு மேலே இன்னொன்று வரும். இப்படி ஏணி ஏறிப் போக வேண்டும். அடுத்து ‘ஃபைலிங் ஹிஸ்டரி’யில் கடைசி ஆண்டுக் கணக்கைத் திறந்து, பின்பக்கக் குறிப்புகளில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள தாய் நிறுவனம் எது என்று சொல்லும் பத்தியைப் படியுங்கள். பெரும்பாலும் கடைசிக் குறிப்புகளில் ஒன்றாக இருக்கும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் வரை கணக்குத் தாக்கல் செய்ய அவகாசம் உண்டு என்பதால், புதிய முதலாளி அதில் தாமதமாகத்தான் தெரிவார். இயக்குநர் மாற்றங்கள் முன்னதாகவே பதிவாகிவிடும். ஒரே நாளில் பழையவர்கள் விலகிப் புதியவர்கள் வந்திருந்தால் அதுவே முதல் தடயம்.

முதலீட்டு நிதிக்குள் பணம் போட்டவர்கள் யார் என்பது மட்டும் இந்த வழியில் கிடைக்காது.

கேள்வி: என் தகவல்கள் புது முதலாளிக்குப் போய்விடுமா?

பங்கு விற்பனையில் உங்கள் ஒப்பந்தம் பழைய நிறுவனத்தோடேயே தொடர்கிறது. தகவலுக்குப் பொறுப்பும் அதுவே. கேமை மட்டும் பிரித்து விற்றால் கதை வேறு. 2025-இல் நையாண்டிக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் போக்கிமான் கோ உள்ளிட்ட கேம்களை, சவூதி அரசு நிதியின் கீழ் வரும் கேம் நிறுவனமான ஸ்கோப்லிக்கு விற்றது அந்த வகை. எதுவானாலும், உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஜாகெக்ஸிடம் எழுதிக் கேட்கலாம். பிரிட்டன் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

கேள்வி: ரூன்ஸ்கேப்பின் பழைய பாணிப் பதிப்பான ஓல்ட் ஸ்கூலில் எல்லாவற்றுக்கும் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு இருக்கிறதே, பயம் எதற்கு?

எல்லாவற்றுக்கும் இல்லை. கேமில் புதிதாக எதையும் சேர்க்க முன்பெல்லாம் 75 சதவீத ஆதரவு வேண்டியிருந்தது, 2022-இல் அது 70 ஆனது. சந்தா விலை வாக்குக்கு வராது, நிறுவனம் விற்கப்படுவதும் வராது. புது முதலாளி கை வைக்கிற முதல் இடமே விலைதான். 2025 ஜனவரியில் குறைந்த சந்தாவில் விளம்பரம் காட்டுவது போன்ற யோசனைகளோடு ஒரு கருத்துக்கணிப்பு வெளியானது. ஆட்டக்காரர்கள் கூட்டமாகச் சந்தாவை நிறுத்தினார்கள். ஜாகெக்ஸின் தலைவராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ஜான் பெல்லமி நேரடியாகப் பதில் சொல்ல வேண்டி வந்தது. வாக்குப்பெட்டி இல்லாத விஷயங்களில் சந்தாதான் உங்கள் வாக்கு.

கேள்வி: ஒரு வருடச் சந்தா கட்டலாமா? பாண்ட் (கேமுக்குள் உறுப்புரிமையாக மாற்றிக்கொள்ளும் பொருள்) வாங்கிச் சேர்க்கலாமா?

நிலவரம் தெளியும்வரை மாதச் சந்தா போதும். பாண்டைக் குவிக்காதீர்கள். ஒரு பாண்ட் 14 நாள் உறுப்புரிமை தரும். விதிமுறைப்படி அது உங்கள் சொத்தல்ல, பயன்படுத்தும் உரிமை மட்டுமே. நிறுத்த நினைத்தால் எங்கே கட்டத் தொடங்கினீர்களோ அங்கேயே நிறுத்த வேண்டும்: ஸ்டீம், கூகுள் ப்ளே, ஆப் ஸ்டோர் அல்லது ஜாகெக்ஸ் தளம். செயலியை அழித்தால் சந்தா நிற்காது, பணம் போய்க்கொண்டே இருக்கும். பழைய விலையில் கட்டிவருபவர், நிறுத்திவிட்டுத் திரும்பினால் அதே விலை கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘உரிமையாளர் மாறியதால் கணக்கை உறுதிசெய்யுங்கள்’ என்று மின்னஞ்சல் வந்தது.

தொடாதீர்கள். பங்கு கைமாறியதற்காக நீங்கள் மறுபடி உள்நுழைந்து எதையும் உறுதிசெய்ய வேண்டியதில்லை. தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். ஏற்கெனவே இணைப்பைச் சொடுக்கிக் கடவுச்சொல்லும் தந்துவிட்டால், முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல், பிறகு கேமின் கடவுச்சொல், பிறகு இரட்டைச் சரிபார்ப்பு என்ற வரிசையில் மாற்றுங்கள். மின்னஞ்சல் திருடன் கையில் இருக்கும்போது கேம் கணக்கை மட்டும் மாற்றினால், பத்து நிமிடத்தில் அவன் மீட்டெடுத்துவிடுவான்.