பக்கத்துக்கு உரியவர் யார்? பல்கலைக்கழக இணையதளத்துக்கு விதி எழுதுவோர் முதலில் கேட்க வேண்டியது

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தின் இணையதளக் குழுவுக்கு என்னை ஒருங்கிணைப்பாளராக நியமித்திருக்கிறார்கள். துறைகள் தத்தம் விருப்பப்படி பக்கங்களை வெளியிட்டு வருகின்றன. ஒரு துறையின் பக்கத்தில் முந்தைய ஆண்டின் கட்டணமே நீடித்ததால் மாணவர்கள் சிலர் தவறான தொகையைச் செலுத்திவிட்டார்கள். அதன் பிறகு, பதிவாளர் அலுவலகத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பக்கமும் வெளிவரக் கூடாது என்று விதி எழுதும்படி நிர்வாகம் கூறுகிறது. தங்கள் சொந்தப் பக்கங்களுக்கும் அது பொருந்துமா என்று பேராசிரியர்கள் கேட்கிறார்கள். விதிகளை எங்கிருந்து தொடங்கி எழுதுவது?

பதில்: கட்டணப் பிழைக்குக் காரணம் ஒப்புதல் இல்லாமைதான் என்று முடிவு செய்யும் முன், அந்தப் பக்கம் முதன்முதலில் வெளிவந்த நாளை எண்ணிப் பாருங்கள். அன்று அதில் இருந்த தொகை சரியானதாகவே இருந்திருக்கும். பதிவாளர் அலுவலகம் வரிவரியாகப் படித்திருந்தாலும் ஒப்புதல் கொடுத்தே அனுப்பியிருக்கும். பிழை நேர்ந்தது அதற்குப் பல மாதங்கள் கழித்து, கட்டணம் மாறிய நாளில். அந்தப் பக்கத்தை மாற்ற வேண்டியவர் யார் என்று எங்கும் எழுதி வைக்கப்படாததால் நேர்ந்தது. எனவே உங்கள் விதிகளின் முதல் வரி ஒப்புதலைப் பற்றியதாக இல்லாமல் பொறுப்பைப் பற்றியதாக இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் யார் என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிய வேண்டும் என்பதே அந்த வரி.

எல்லாவற்றுக்கும் முன் ஒப்புதல் என்ற ஏற்பாடு நடைமுறையில் எப்படி முடிகிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முதல் மாதம் கோப்புகள் ஒழுங்காக நகரும். தேர்வுக் காலம் வந்ததும் ஒரே அலுவலரின் மேசையில் கருத்தரங்க அறிவிப்பும் பாடத்திட்டத் திருத்தமும் ஆய்வுக்கூட நேர அட்டவணையும் குவிந்துவிடும். காத்திருக்க முடியாத துறைகள் வெளியே இலவசமாகக் கிடைக்கும் தளங்களில் தங்கள் பக்கங்களை அமைத்துக்கொள்ளும். அப்போது பல்கலைக்கழகத்தின் பெயரும் இலச்சினையும் அந்தப் பக்கங்களில் இருக்கும். அவற்றைத் திருத்தவோ நீக்கவோ தேவையான கடவுச்சொல் மட்டும் பல்கலைக்கழகத்திடம் இருக்காது. கட்டுப்பாட்டை இறுக்குவதற்காக எழுதப்பட்ட விதி, இருந்த கட்டுப்பாட்டையும் இழக்கச் செய்துவிடுகிறது. துணைவேந்தரிடமும் பதிவாளரிடமும் இதை இப்படியே எடுத்துச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரால் எந்த அளவுக்குப் பேசுகிறதோ அந்த அளவுக்கே ஒரு பக்கத்தின் மீது விதியின் சுமை ஏற வேண்டும். சேர்க்கைத் தகுதி, கட்டணம், தேர்வு அட்டவணை, பட்டச் சான்றிதழுக்கான நடைமுறை, ஒழுங்குமுறை விதிகள் ஆகியவை பல்கலைக்கழகமே கொடுக்கும் வாக்கு. மாணவர் அவற்றை நம்பிப் பணம் கட்டுகிறார், வேறு இடத்தில் கிடைத்த சேர்க்கையை விடுகிறார். இவற்றுக்கு மட்டும் முன் ஒப்புதல் கட்டாயம் என்று வையுங்கள். அதோடு, இவ்வகைத் தகவல் ஒவ்வொன்றும் அதை வெளியிடும் அதிகாரம் பெற்ற அலுவலகத்தின் ஒரே பக்கத்தில்தான் இருக்க வேண்டும், பிற பக்கங்கள் அதற்கு இணைப்புக் கொடுக்கலாமே தவிர நகலெடுத்துப் போடக் கூடாது என்றும் எழுதுங்கள். இந்த ஒரு விதி இருந்திருந்தால் உங்கள் மாணவர்கள் தவறான தொகையைக் கட்டியிருக்க மாட்டார்கள். துறைப் பக்கங்களில் ஆசிரியர் பட்டியல், ஆய்வுப் பணிகள், ஆய்வுக்கூட வசதிகள் முதலியவற்றுக்குத் துறைத்தலைவரின் பொறுப்பே போதும். வெளியிடும் முன் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, வெளியிட்ட பின் குழு பார்வையிடலாம்.

பேராசிரியர்களின் சொந்தப் பக்கங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தில் ஓடிய சர்வர்களின் காலத்திலிருந்தே, முகவரியில் ஓர் அலைக்கோடும் (~) அதையடுத்துப் பயனர் பெயரும் கொண்ட தனிப் பக்கங்களை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தரும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் உண்டு. முகவரியைப் பார்த்தவுடனேயே இது தனியொருவரின் குரல் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பது அதன் பெரிய நன்மை. அந்தப் பிரிவை உங்கள் விதிகளிலும் காப்பாற்றுங்கள். சொந்தப் பக்கங்கள் தனி முகவரிப் பகுதியில் இருக்கட்டும். அதிகாரப்பூர்வப் பக்கத்தின் வடிவமைப்பை அப்படியே பயன்படுத்த வேண்டாம். இங்குள்ள கருத்துகள் எழுதியவருடையவை என்ற ஒரு வரி அடியில் இருக்கட்டும். சட்டத்துக்குப் புறம்பானவை, பிறரின் அந்தரங்கத் தகவல்கள், வணிக விளம்பரம் ஆகியவற்றைத் தடை செய்யலாம். பல்கலைக்கழகத்தின் மதிப்பைக் குறைக்கும் எழுத்து என்பது போன்ற அளவிட முடியாத சொற்றொடரை மட்டும் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நிர்வாகத்தின் ஒரு முடிவைத் தர்க்கத்தோடு மறுக்கும் பேராசிரியரின் கட்டுரையை நாளை ஒருவர் அந்தச் சொற்றொடரைக் காட்டி நீக்கச் சொல்வார். அறிவுச் சுதந்திரத்துக்காகவே இயங்கும் ஓர் அமைப்பு, அதைப் பறிக்கும் கருவியைத் தன் கையாலேயே எழுதி வைக்கக் கூடாது.

பொறுப்பாளர் என்று சொன்னேன். அதை ஆளின் பெயரால் எழுதாமல் பதவியின் பெயரால் எழுத வேண்டும். இணையத்தில் ஆர்வமுள்ள இளம் ஆசிரியர் ஒருவர் துறைப் பக்கத்தை அருமையாக நடத்துவார். அவர் வேறு ஊருக்குப் பணி மாறிச் சென்றதும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். ஆகவே துறைத்தலைவர் பொறுப்பாளர், அவர் நியமிக்கும் இருவர் பதிப்பாளர்கள், தொடர்புக்குத் துறையின் பொது மின்னஞ்சல் என்று வையுங்கள். பணி விலகும்போது நூலகத்திடமிருந்தும் கணக்குப் பிரிவிடமிருந்தும் பெறும் நிலுவையின்மைச் சான்றோடு, இணையதளப் பொறுப்பை ஒப்படைத்ததற்கான கையெழுத்தும் சேரட்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கட்டும். ஓராண்டுக்கு மேல் சரிபார்க்கப்படாத பக்கம் பற்றிப் பொறுப்பாளருக்குத் தானாகவே மின்னஞ்சல் போகும்படியும், குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால் அது ஆவணப் பகுதிக்கு மாற்றப்படும்படியும் கணினி மையத்தால் செய்துகொடுக்க முடியும்.

மாற்றப்படும் என்றேன், அழிக்கப்படும் என்று சொல்லவில்லை. பல்கலைக்கழகப் பக்கங்களைப் பிற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள், பாடநூல்கள் சுட்டுகின்றன, வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் பழைய மாணவர்கள் தாங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தைத் தேடி வருகிறார்கள். வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998ஆம் ஆண்டிலேயே, முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்ற கருத்தை வலியுறுத்தி எழுதினார். எழுதியவரின் பெயர், மென்பொருளின் பெயர், கோப்பு வகை போன்று காலப்போக்கில் மாறக்கூடியவற்றை முகவரியில் சேர்க்கக் கூடாது என்பதே அவர் கூறிய வழி. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு, 2013இல் இருந்த இணையப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் கிடைக்காமல் போனதைக் காட்டியது. பக்கத்தை இடம் மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றம் தர வேண்டும் என்றும், வேண்டுமென்றே நீக்கிய பக்கத்துக்கு 410 என்ற குறியீட்டைத் தர வேண்டும் என்றும் விதியில் எழுதுங்கள். பக்கம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் 404 பக்கம், வருபவருக்கு எந்த வழியும் காட்டுவதில்லை.

கருத்தரங்குத் தளங்கள் தனிக் கவலைக்குரியவை. மூன்று நாள் நிகழ்ச்சிக்காகத் துணை டொமைன் (பல்கலைக்கழக முகவரியின் கீழ் வரும் தனி முகவரி) ஒன்றைப் பெற்று, வெளி நிறுவனத்தின் சேவையில் தளத்தை அமைப்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தச் சேவைக்கான சந்தா நிற்கும். பல்கலைக்கழகத்தின் டொமைன் பதிவேட்டில் அந்த இடத்தைச் சுட்டும் குறிப்பு மட்டும் நீக்கப்படாமல் இருக்கும். கைவிடப்பட்ட இடத்தை வேறொருவர் அதே சேவையில் தன் பெயரில் எடுத்துக்கொண்டால், உங்கள் பல்கலைக்கழகத்தின் முகவரியிலேயே சூதாட்ட விளம்பரத்தையோ போலி விண்ணப்பப் படிவத்தையோ வெளியிட அவரால் முடியும். பல்கலைக்கழக முகவரிகளைத் தேடுபொறிகளும் மக்களும் நம்புவதால் இத்தகையவர்கள் அவற்றையே குறிவைக்கிறார்கள். எனவே துணை டொமைன் கேட்கும் படிவத்திலேயே முடிவுத் தேதி இருக்க வேண்டும்; அந்தத் தேதிக்குப் பின் கட்டுரைகளும் நிகழ்ச்சி நிரலும் ஆவணப் பகுதிக்கு வர வேண்டும், பதிவேட்டுக் குறிப்பு நீக்கப்பட வேண்டும்.

எல்லோரும் அணுகக்கூடியதாக இருத்தல் என்பதைப் பல விதித் தொகுப்புகள் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகின்றன. பார்வையற்ற மாணவர் ஒருவர், திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பானைக் கொண்டு விடுதி விண்ணப்பத்தைத் தேடிப் போய், தாளை ஸ்கேன் செய்து ஏற்றிய பி.டி.எஃப். கோப்பில் ஒரு சொல்லும் படிக்கக் கிடைக்காமல் திரும்புவதை ஒரு முறை பக்கத்தில் அமர்ந்து பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். அது எழுத்தாகத் தோன்றும் படமே. மென்பொருளுக்கு அதில் படிக்க எதுவும் இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அறிவிப்புகளும் இதே வகைதான்: கண்ணுக்குத் தமிழ், கணினிக்குப் பொருளற்ற குறிகளின் வரிசை, அவற்றை வாசிக்கவும் இயலாது, தேடவும் இயலாது. எனவே எல்லா உரையும் யூனிகோடில் இருக்க வேண்டும் என்பது உங்கள் விதிகளில் விலக்கில்லாத ஒன்றாக இருக்கட்டும். மற்றவற்றுக்கு உலகளாவிய வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பை, அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள இரட்டை ஏ (AA) நிலையில், அளவுகோலாகக் குறிப்பிடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு, படங்களுக்கு மாற்று உரை, சுட்டி இல்லாமல் விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் இயக்கும் வசதி, காணொளிக்கு வசனவரி ஆகியவை அதில் அடங்கும்.

இதைப் பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவதன் விலையைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் கண்டது. அது பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கிய விரிவுரைகள் பல, செவித்திறன் குறைந்தோரும் மாற்றுத்திறனாளிகள் பிறரும் பயன்படுத்த இயலாதவை என்று அமெரிக்க அரசின் நீதித்துறை 2016 ஆகஸ்டில் கடிதம் எழுதியது. 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளை 2017 மார்ச் முதல் பொதுப் பார்வையிலிருந்து பல்கலைக்கழகம் விலக்கியது. 2022இல்தான் நீதித்துறையோடு உடன்பாடு ஏற்பட்டது. பதிவு செய்த அன்றே வசனவரி சேர்ப்பது ஒரு விரிவுரைக்கான வேலை. சேர்ந்துவிட்ட பல்லாயிரம் பதிவுகளுக்குச் சேர்ப்பது ஒரு பல்கலைக்கழகமே தயங்கும் வேலை.

தனிநபர் தகவல் குறித்து ஒரு வழக்கத்தை மட்டும் இங்கே கண்டிக்க விரும்புகிறேன். தேர்ச்சிப் பட்டியலையும் உதவித்தொகைப் பட்டியலையும் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் ஆகியவற்றோடு பொதுவில் ஏற்றிவிடுகிறார்கள். மாணவர் தம் கணக்கில் நுழைந்து தம் முடிவை மட்டும் பார்க்கும் வகையில்தான் அவற்றைத் தர வேண்டும். விரிதாள் கோப்பில் மறைத்து வைத்த நெடுவரிசையை யாரும் மீண்டும் திறக்கலாம் என்பதையும், எந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டாம் என்று தேடுபொறிகளுக்கு ரோபாட்ஸ் (robots.txt) கோப்பில் எழுதும் குறிப்பு வெறும் வேண்டுகோளே, அது எதையும் பூட்டி வைப்பதில்லை என்பதையும் பதிப்பாளர்களுக்கான பயிற்சியில் சொல்லிக்கொடுங்கள். பதிப்புரிமையைப் பொறுத்தவரை, இணையத்தில் கிடைத்த படம் இலவசப் படமாகிவிடாது என்ற ஒரு வரியும், எந்த உரிமத்தின் கீழ் எடுத்தோம் என்று குறிக்கும் பழக்கமும் போதுமானவை.

ஒரு பக்கத்தை நீக்கும் அதிகாரத்தை எவ்வளவு கவனமாக எழுதுகிறீர்களோ அவ்வளவுக்குத் துறைகள் உங்கள் விதிகளை நம்பும். தளம் ஹேக் செய்யப்பட்டாலோ அந்தரங்கத் தகவல் வெளியானாலோ கணினி மையம் யாரையும் கேட்காமல் உடனே முடக்கலாம். வேறு எந்தக் காரணமானாலும் பொறுப்பாளருக்கு எழுத்தில் அறிவித்து, பதிலுக்குக் குறிப்பிட்ட நாட்கள் கொடுத்து, குழுவின் முடிவின் பேரில்தான் நீக்க வேண்டும். அந்த முடிவை எதிர்த்து முறையிட, குழுவில் இடம்பெறாத ஓர் உயர்நிலை அமைப்பும் இருக்க வேண்டும்.

எழுதும் முறையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஆவணத்தில் அடைக்காதீர்கள். பொறுப்பு, பக்கங்களின் வகை, நீக்கும் நடைமுறை ஆகியவை இரண்டு மூன்று பக்கங்களுக்குள் அடங்கும். ஆட்சிக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டியது அந்தப் பகுதிக்கு மட்டுமே. அணுகல் அளவுகோலும் முகவரி விதிகளும் தொழில்நுட்பத்தோடு மாறுபவை என்பதால், உங்கள் குழுவே ஆண்டுதோறும் திருத்திக்கொள்ளும் இணைப்பாக அவை இருக்கட்டும். வண்ணம், இலச்சினையின் அளவு, எழுத்துரு ஆகியவை கையேட்டுக்கு உரியவை. இவற்றைப் பற்றிய வாதத்தில் குழுவின் முதல் மூன்று கூட்டங்கள் கரைந்துபோகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை எதையும் எழுதத் தொடங்கும் முன், கணினி மையத்திடமிருந்து பல்கலைக்கழகத்தின் எல்லா டொமைன், துணை டொமைன்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றின் எதிரிலும் பொறுப்பான பதவியின் பெயரை எழுத முயலுங்கள். பெயர் எழுத முடியாமல் வெற்றாக நிற்கும் வரிகளே உங்களுக்கு முதல் வேலை. அவற்றுக்கு உரியவரைத் தேட ஒரு பருவம் அவகாசம் கொடுங்கள். கட்டணம் குறித்த பழைய நகல்களை மட்டும் அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே நீக்கி, அவை இருந்த இடத்தில் பதிவாளர் அலுவலகப் பக்கத்துக்கு வழிமாற்றம் கொடுத்துவிடுங்கள்.