டிரம்ஸோட வாசிக்கும்போது கஞ்சிரா அமுங்கிப்போகுதா?

நண்பரே, பேண்டுல சேர்ந்ததிலிருந்து உங்க கஞ்சிரா (கையில பிடிச்சு விரலால தட்டுற அந்தச் சின்னத் தோல் வாத்தியம்) யார் காதுலயும் விழலை, மைக்கை ஏத்தினா ஊளையிடுதுன்னு எழுதியிருந்தீங்க. இதே வேதனையில நானும் ரெண்டு வருஷம் இருந்தேன்.

முதல்ல தோல். தண்ணி நிறையத் தடவி ஓசையைத் தாழ்த்தினா, அது டிரம்ஸுல காலால அடிக்கிற பெரிய கிக் டிரம் ஒலிக்குள்ள போய்ப் புதைஞ்சிடும். கச்சேரிக்கு வைக்கிறதைவிடக் கொஞ்சம் தூக்கியே வைங்க. உள்பக்கம் ரெண்டு விரல் ஈரம், ஒரு நிமிஷம் பொறுத்துத் தட்டிப் பாருங்க. மேடை விளக்குச் சூட்டுல மூணாவது பாட்டுக்குள்ள தோல் இறுகிடும், அதனால இன்னொரு கஞ்சிராவைத் தயாரா வச்சுக்கோங்க. சவுண்ட் பாக்குறவர்கிட்ட உங்க மைக்குல பேஸை, அதாவது கனமான தாழ் ஒலியை, வெட்டச் சொல்லுங்க. ஊளையும் பெரும்பாலும் அடங்கும்.

ஆனா உண்மையான தீர்வு வாசிப்புலதான் இருக்கு. 1970கள்ல 'சக்தி'ங்கிற இந்திய-ஜாஸ் கலப்பிசைக் குழுவுல ஜாகிர் உசேன் தபலாவும் விக்கு விநாயக்ராம் கடமும் சேர்ந்து வாசிச்சதைக் கேளுங்க. ஒருத்தர் நிரப்பி வாசிக்கும்போது மத்தவர் விட்டுக் கொடுப்பார். அதே குழு பின்னாடி 'ரிமெம்பர் சக்தி'யா வந்தப்போ செல்வகணேஷ் கஞ்சிரா வாசிச்சார். அங்க டிரம்ஸே கிடையாது, அதனாலதான் ஒவ்வொரு விரலும் கேக்குது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. டிரம்மர்கிட்ட பேசி, சரணத்துல நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஹைஹாட்ங்கிற ஜோடித் தட்டு மட்டும் வாசிக்கச் சொல்லுங்க. அந்த இடத்துல மிஸ்ர நடையில, அதாவது ஒரு தட்டுக்கு ஏழு எண்ணிக்கையா, தகிட தகதிமின்னு ஆரம்பிச்சு, பேஸ் கிட்டாரோட சேர்ந்து சமத்துல, அதாவது தாளத்தோட முதல் தட்டுல, வந்து விழுங்க. மீதிப் பாட்டுக்குக் கையை அடக்கி வாசிங்க.