மக்பெத் கெட்டது சூனியக்காரிகளால் மட்டுமா?

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகம் பற்றிய கட்டுரையில், சூனியக்காரிகள்தான் மக்பெத்தைக் கெடுத்தார்கள் என்று எழுதியதற்கு ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார், வேறு என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். சரி, மக்பெத் அரசனாவான் என்று அவர்கள் சொன்னதை அவனுடைய சக தளபதி பாங்கோவும் பக்கத்தில் நின்று கேட்டான், அவன் வாரிசுகள் அரசாள்வார்கள் என்றுகூடச் சொன்னார்கள், ஆனாலும் அவன் யாரையும் கொல்லவில்லையே. அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் முதல் அங்கத்தின் 7ஆம் காட்சியை நிதானமாகப் படியுங்கள், நாடகத்திலேயே எனக்கு மிகவும் வலிக்கும் இடம் அதுதான். டங்கன் என் உறவினர், என் அரசர், இன்றிரவு என் வீட்டு விருந்தாளி, கொலைகாரன் வந்தால் கதவை அடைக்க வேண்டிய நானே கத்தியைத் தூக்குவதா என்று மக்பெத் தனக்குள் வாதாடுகிறான், தன்னை உந்துவது பேராசை மட்டும்தான் என்றும் ஒத்துக்கொள்கிறான். அவனுக்குள் நல்லவன் இருந்தான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தெரிந்தே டங்கனைக் கொல்கிறான். கொன்றபின் 'ஆமென்' என்ற ஒரு சொல் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது என்று நடுங்குகிறான். பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பும்போது மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. தன்னை எதிர்க்கும் பிரபு மக்டஃபின் மனைவி, குழந்தைகளைக் கொல்லும் விஷயத்தில் அந்த வாதாட்டமே இல்லை, நினைத்த உடனே முடிவு. இந்தத் தயக்கம் எப்படிப் படிப்படியாகத் தேய்கிறது என்பதையே கட்டுரையாக எழுதுங்கள், அவன் மனைவி லேடி மக்பெத்துக்கு ஒரு பத்தி போதும்.