தண்ணீருக்குள் பாட்டு: நீச்சலுக்கு எந்தக் கருவி ஏற்றது?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு வயது 56. முதுகுவலிக்காக மருத்துவர் சொன்னபடி தினமும் காலையில் 45 நிமிடம் நீச்சல் குளத்தில் நீந்துகிறேன். சுவருக்குச் சுவர் போய் வருவது சலிப்பாக இருக்கிறது என்று சொன்னதால், என் மகன் 'ஐபிஎக்ஸ்7' என்ற நீர்காப்புக் குறியீடு அச்சிட்ட ப்ளூடூத் இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்தான். கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டு நீந்தினால், தலை தண்ணீருக்குள் போனதும் பாட்டு நின்றுவிடுகிறது. கருவி பழுதா? வேறு எதை வாங்கலாம்?
- வாசகி, சென்னை

பதில்: கருவியில் பழுது இல்லை. உங்கள் மகன் செலவழித்த பணமும் வீண் இல்லை. நடைப்பயிற்சிக்கு அது நன்றாகவே உதவும். நீச்சலுக்குத்தான் ஏற்றதல்ல. ப்ளூடூத் என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான வானொலி அலை. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது; உணவில் உள்ள நீர் அந்த அலையின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதால்தான் உணவு சூடேறுகிறது. கைப்பேசியிலிருந்து வரும் அலை மிகவும் வலுக்குறைந்தது என்பதால் குளத்து நீர் சூடேறுவதில்லை. ஆனால் அந்த அலை நீருக்குள் சில சென்டிமீட்டர் போவதற்குள்ளேயே தேய்ந்து அடங்கிவிடுகிறது. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச்சில் பாட்டை வைத்துக்கொண்டாலும் இதே கதைதான். ஃப்ரீஸ்டைலில் ஒவ்வொரு முறை கை தண்ணீரை இழுக்கும்போதும் பாட்டு அறுந்து அறுந்து கேட்கும்.

கடையில் எல்லோரும் 'தண்ணீர் உள்ளே போகுமா?' என்றுதான் முதலில் கேட்கிறோம். நீச்சலுக்கு வாங்குகிறவர்கள் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, 'பாட்டு எங்கே இருக்கிறது?' என்பது. காதில் மாட்டும் கருவியின் உள்ளேயே நினைவகம் இருந்து, அதில் பாட்டை ஏற்றிக்கொள்ள முடிந்தால் மட்டுமே அது நீச்சலுக்கான கருவி. ஷாக்ஸ் நிறுவனத்தின் ஓப்பன்ஸ்விம் கருவியில் 4 ஜிபி நினைவகம் உண்டு, ப்ளூடூத் கிடையவே கிடையாது. விவரம் தெரியாமல் பார்க்கிறவர்கள் அதைக் குறையாக எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். பின்னர் வந்த ஓப்பன்ஸ்விம் ப்ரோவில் 32 ஜிபி நினைவகமும் ப்ளூடூத்தும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் தண்ணீரில் இறங்கும்போது அதையும் உள்நினைவகத்திலிருந்து பாடும் எம்பி3 முறைக்கு மாற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

அடுத்தது, ஒலி எந்த வழியாக உள்ளே போகிறது என்பது. ஒரு வகைக் கருவி காதுத் துளையைத் தண்ணீர் புகாதபடி அடைத்துக்கொண்டு பாடும். அடைப்பு இறுக்கமாக இருக்கும்வரை ஒலி மிக நன்றாக இருக்கும். ஒரு சொட்டு நீர் நுழைந்துவிட்டால் உடனே மங்கிவிடும். எனவே இவ்வகையை வாங்கும்போது பெட்டியில் எத்தனை அளவுகளில் ரப்பர் மூடிகள் தருகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை.

மற்றொரு வகை, கன்ன எலும்பின் மீது அமர்ந்து அதிர்வை மண்டை எலும்பு வழியாக உட்காதுக்கு அனுப்புவது. மேலே குறிப்பிட்ட இரண்டும் இவ்வகையே. நீச்சல் கண்ணாடியின் பட்டையிலேயே கோத்துக்கொள்ளும்படி ஃபினிஸ் நிறுவனம் செய்த டுவோ என்ற கருவியும் அப்படிப்பட்டதுதான். காற்றில் கேட்டால் இவற்றின் ஒலி கொஞ்சம் மெலிந்தே இருக்கும், மிருதங்கத்தின் தொப்பி ஒலி போன்ற கனத்த ஓசைகள் எடுபடா. கரையில் போட்டுப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சாதாரண சிலிக்கான் காதடைப்பானைச் செருகிக்கொண்டு கேட்டால் அந்தக் கனம் திரும்பி வந்துவிடுகிறது. நீங்கள் மெதுவாக, நெடுநேரம் நீந்துகிறவர் என்பதால் உங்களுக்கு இந்த எலும்புவழிக் கருவியையே பரிந்துரைக்கிறேன். நீச்சல் தொப்பியின் ஓரத்தைக் கருவியின் பின்பட்டை மீது இழுத்துவிட்டுக்கொண்டால் திரும்பும்போது நழுவாது.

கேள்வி: நண்பர்களோடு விடியற்காலையில் கடலில் நீந்துவது என் வழக்கம். 'ஐபி68' என்று போட்டிருந்தால் உப்புத் தண்ணீரையும் தாங்கும் என்று பொருளா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: அப்படிப் பொருள் இல்லை. 6 என்ற எண் தூசியைப் பற்றியது. கடைசி எண்தான் நீரைப் பற்றியது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் கெடாது. 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே அறிவிப்பார். ஆனால் இந்தச் சோதனைகள் அசையாத நன்னீரில் செய்யப்படுகின்றன. உப்பும், குளத்துக் குளோரினும், தலைகீழாகப் பாயும்போது நீர் மோதும் வேகமும் அந்த எண்ணுக்குள் அடங்கா. கடலில் பயன்படுத்தலாம் என்று கையேட்டில் தனியாக எழுதியிருக்க வேண்டும். சோனி நிறுவனம் தன் என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413 வாக்மேனை இரண்டு மீட்டர் ஆழம்வரை கடல்நீரிலும் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாகவே சொல்லி விற்றது. அப்படிப்பட்ட உறுதிமொழியைத் தேடுங்கள்.

கரையேறியதும் குழாய்த் தண்ணீரில் கழுவித் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். சார்ஜ் செய்யும் உலோக முனைகளில் ஈரம் இருக்கும்போதே மின்இணைப்பில் பொருத்துவதால்தான் பல கருவிகள் அரித்துப்போகின்றன. சோப்பும் வெந்நீரும் ரப்பர் காப்பைக் கெடுப்பவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலில் காதை முழுவதும் அடைக்கும் கருவியைப் போட்டுக்கொண்டு நீந்தாதீர்கள். படகின் எஞ்சின் சத்தமும் நண்பரின் கூப்பாடும் உங்களுக்குக் கேட்டே ஆக வேண்டும். தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாய்வதால், தலை உள்ளே இருக்கும்போது ஒலி வரும் திசையையும் சரியாக அறிய முடியாது. என்னைக் கேட்டால், பாட்டு குளத்தோடு நிற்கட்டும் என்பேன்.

கேள்வி: மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் செயலியில் தரவிறக்கிய பாடல்களை இக்கருவிகளுக்கு மாற்றலாமா? 4 ஜிபி போதுமா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: மாற்ற முடியாது. செயலி தரவிறக்கும் கோப்புகள் பூட்டப்பட்டவை. அந்தச் செயலிக்குள்தான் அவை ஒலிக்கும். விலைக்கு வாங்கிய எம்பி3 கோப்புகள், உங்களிடம் உள்ள குறுந்தகடுகளிலிருந்து எடுத்தவை ஆகியவற்றையே ஏற்றலாம். 128 கேபிபிஎஸ் தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 4 எம்பி பிடிக்கும் என்பதால் 4 ஜிபியில் சுமார் ஆயிரம் பாடல்கள் அடங்கும், தாராளமாகப் போதும். கருவியில் திரை இல்லாததால், கோப்புகளின் பெயருக்கு முன் 01, 02 என்று எண்ணிட்டு வைத்தால் வரிசை குழம்பாமல் இருக்கும். மூச்சுவிடும்போது எழும் குமிழிச் சத்தம் காதருகிலேயே இருப்பதால் மெல்லிய ஆலாபனைகள் அதில் அமிழ்ந்துவிடுகின்றன. சீரான தாளமுள்ள பாடல்களே நீச்சலுக்குப் பொருந்துகின்றன. குமிழியை வெல்ல ஒலியளவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

கேள்வி: சிறு வயதில் செவிப்பறையில் துளை விழுந்தது. எலும்புவழிக் கருவி என்றால் நான் பயன்படுத்தலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கருவியால் உங்களுக்குத் தொல்லை வராது, காதுக்குள் போகும் தண்ணீரால்தான் வரும். துளை மூடிவிட்டதா என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் குளத்தில் இறங்க வேண்டாம். அவர் அனுமதித்து, காதின் அளவெடுத்துச் செய்த அடைப்பான் போட்டுக்கொள்ளச் சொன்னால், அதோடு எலும்புவழிக் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.