ஒரே வார இறுதியில் டிரெயில் ஓட்டமும் டிரையத்லானும்: கேள்வி பதில்

சனிக்கிழமை டிரெயில் ஓட்டம் (மலை, காட்டுப் பாதைகளில் ஓடுவது), மறுநாள் காலை டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து செய்யும் போட்டி) என்று இரண்டு போட்டிகளுக்கும் பெயர் கொடுத்துவிட்டவர்களும், கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலான கேள்விகள் 15 முதல் 25 கிலோமீட்டர் வரையிலான டிரெயில் ஓட்டத்தையும், ஸ்பிரின்ட் அல்லது ஒலிம்பிக் தூர டிரையத்லானையும் பற்றியவை. ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரத்தில் ஒவ்வொன்றும் இதில் இரு மடங்கு. இதைவிட நீண்ட தூரங்களைப் பற்றிக் கேட்டவருக்குத் தனியாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நான் சில ஆண்டுகளாக மூன்று விளையாட்டுகளிலும் பயிற்சி செய்துவருகிறேன். அடுத்தடுத்த நாட்களில் இரண்டு போட்டி என்றதும் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் உடம்பு தாங்குமா?

கடந்த மூன்று மாதங்களாவது இடைவெளி விடாமல் பயிற்சி செய்து, சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் நீண்ட நேரம் உழைத்துப் பழகியிருந்தால் தாங்கும். உடம்பைப் பொறுத்தவரை மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த வகைச் சுமை என்பதே முக்கியம். ஏற்றத்தில் தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறக்கத்திலோ அதே தசை உடலின் எடையைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது. இப்படி இழுபட்டுக்கொண்டே விசையைத் தாங்கும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. அதன் வலி உடனே தெரியாமல், 24 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில் உச்சத்தை எட்டுகிறது. ஆகவே சனிக்கிழமை ஓடியவர் ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீரில் இறங்கும்போது அந்த வலி இன்னும் ஏறுமுகத்தில்தான் இருக்கும். நீச்சலிலும் சைக்கிளிலும் இவ்வகைச் சுமை ஏறக்குறைய இல்லை என்பதால், டிரையத்லானின் கடைசிப் பகுதியான ஓட்டத்துக்கு வந்த பிறகுதான் முந்தைய நாளின் விளைவு முழுமையாகத் தெரியும். ஏற்றத்தில் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் ஓர் இரவில் பெரும்பாலும் சரியாகிவிடும். இறக்கத்தில் தொடைகள் வாங்கிய அடி சரியாகாது. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்தினால், கீழே நான் சொல்லும் மற்ற எல்லாமே இதிலிருந்து பிறப்பவை என்பது புரியும்.

கேள்வி: எங்கள் போட்டியில் இரண்டையும் எந்த வரிசையிலும் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். எதை முதலில் வைத்துக்கொள்வது?

பாதை எப்படிப்பட்டது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மண் பாதையாக, வேரும் கல்லும் அதிகமில்லாமல் இருந்தால் டிரையத்லானை முதலில் முடிப்பதே நல்லது. அதனால் தசைக்கு ஏற்படும் சேதம் குறைவு, மறுநாள் காலில் ஓரளவு தெம்பு மிச்சமிருக்கும். கரடுமுரடான பாறைப் பாதை என்றால் டிரெயிலை முதல் நாளே முடித்துவிடுங்கள். களைத்த காலைச் சரியாகத் தூக்கி வைக்க முடியாது. கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் சிறு தசைகளும் தாமதமாகவே செயல்படும். சைக்கிளில் களைப்பு வந்தால் வேகம் குறைவதோடு முடிந்துவிடும். பாறை இறக்கத்தில் களைப்பு வந்தால் விழுந்து எழ வேண்டியிருக்கும்.

கேள்வி: இறக்கத்தில் அடக்கி ஓட வேண்டும் என்று சொல்கிறார்கள். ஆனால் வேகத்தை அடக்கிக்கொண்டு இறங்கும்போதுதான் எனக்குத் தொடையும் முழங்காலும் அதிகமாக வலிக்கின்றன. இது ஏன்?

மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அடக்கி ஓடுவது என்றால் ஒவ்வோர் அடியிலும் பிரேக் போடுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, காலை நீட்டி, குதிகாலை முன்னால் ஊன்றி இறங்கும்போது நாம் தவிர்க்க நினைத்த அதே சுமை பன்மடங்காகத் தொடையின் முன்தசையில் விழுகிறது. செய்ய வேண்டியது அடியின் நீளத்தைக் குறைப்பது. சின்னச் சின்ன அடிகளாக, விரைவாக வையுங்கள். பாதம் இடுப்புக்கு நேர் கீழே, முழங்கால் சற்று மடங்கிய நிலையில் தரையைத் தொடட்டும். உடல் சரிவோடு சேர்ந்து இலேசாக முன்னால் இருக்கட்டும். பார்வை காலடியில் இல்லாமல் மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். கைகளை இரு பக்கமும் விரித்துக்கொண்டால் சமநிலை தானாக வரும். மிகச் செங்குத்தான இடத்தில் நடந்துவிடுங்கள். அதில் இழப்பது ஓரிரு நிமிடங்கள்தாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் நடக்கத் தொடங்கினால் இழப்பது அதைவிட அதிகம்.

இதோடு ஒரு பயிற்சியையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் இந்த முழுத் தயாரிப்பிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தசை ஒருமுறை இறக்க ஓட்டத்தால் சேதமடைந்து ஆறிவிட்டால், அடுத்து வரும் சில வாரங்களுக்கு அதே சுமையால் முன்பு பட்ட அளவுக்குப் பாதிப்பு அடைவதில்லை. ஆகவே போட்டிக்கு ஐந்து வாரம் முன்பு ஒருமுறையும் இரண்டரை அல்லது மூன்று வாரம் முன்பு மறுமுறையும் நல்ல இறக்கமாகப் பார்த்து 20 முதல் 30 நிமிடம் வரை, நின்று நின்று, ஓடிப் பாருங்கள். முதல் முறை இரண்டு மூன்று நாள் படியிறங்கச் சிரமப்படுவீர்கள். இரண்டாம் முறை வலி கணிசமாகக் குறைந்திருப்பதை நீங்களே உணர்வீர்கள். கடைசி பத்து நாட்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: அதைத் தவிர வாராந்தரப் பயிற்சியில் என்ன மாற்றம் செய்ய வேண்டும்?

பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம். வழக்கமான வாரத்தில் நீண்ட ஓட்டத்தைச் சனிக்கிழமைக்கும், சைக்கிளை முடித்த கையோடு ஓடும் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைக்கும் வைத்தாலே போதும். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு ஒருமுறை, போட்டித் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இரண்டு நாளும் அதே நேரத்தில், அதே உணவுடன் ஒத்திகை பாருங்கள்.

கேள்வி: முதல் போட்டி முடிந்ததும் எனக்குப் பசியே எடுப்பதில்லை. மாலையில்தான் சாப்பிடுகிறேன். இது இரண்டாம் நாளைப் பாதிக்குமா?

நிச்சயமாகப் பாதிக்கும். உழைப்புக்கு உதவும் மாவுச்சத்து உடலில் கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. தசைகளில் சுமார் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். இரண்டு மூன்று மணி நேர டிரெயில் ஓட்டம் இதில் பெரும் பகுதியைக் காலி செய்துவிடும். அது முழுமையாக நிரம்ப நன்றாகச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். உங்களிடம் இருப்பதோ அதைவிடக் குறைந்த நேரம். ஓட்டம் முடிந்த முதல் சில மணி நேரத்தில் தசை மாவுச்சத்தை மிக வேகமாக உள்ளிழுத்துக்கொள்கிறது என்பதால் அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. முதல் நான்கு மணி நேரத்துக்கு, மணிக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 60 முதல் 70 கிராம். பசி இல்லையென்றால் குடித்துவிடுங்கள். இனிப்பான பானமோ பழச்சாறோ பாலோ வயிற்றில் எளிதாக இறங்கும். கூடவே 20 முதல் 25 கிராம் புரதம் சேரட்டும்.

காலணியைக் கழற்றுவதற்கு முன்பே முதல் பானத்தைக் கையில் எடுத்துவிடுவது என் வழக்கம். உடை மாற்றி, நண்பர்களோடு பேசி, படம் எடுத்து, வண்டியில் ஏறிய பிறகு என்று தள்ளிப்போட்டால் இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியாது. இரவு உணவு நீங்கள் நன்கறிந்ததாக, எண்ணெயும் நார்ச்சத்தும் குறைந்ததாக, சற்று முன்னதாகவே இருக்கட்டும். இன்னொன்று: காஃபீன் கலந்த ஜெல்லை (ஓடும்போதே உண்ணும் மாவுச்சத்துக் கூழ்) சனிக்கிழமைப் போட்டியின் பிற்பகுதியில் எடுக்காதீர்கள். உட்கொண்டதில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். பிற்பகலில் முடியும் போட்டி என்றால் அது இரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு குடிப்பது?

போட்டியின்போது தாகத்துக்குக் குடியுங்கள். முடிந்த பிறகு, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்பும் சேர்த்து, மாலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடியுங்கள். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள். அதனால் இரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) குறைந்துபோவது உயிருக்கே ஆபத்தானது. தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

கேள்வி: சனிக்கிழமை இரவு ஒரு இபுப்ரோஃபென், ஞாயிறு காலை ஒன்று போட்டுக்கொண்டால் வலி தெரியாமல் ஓடிவிடலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். கடும் உழைப்பாலும் நீரிழப்பாலும் ஏற்கெனவே சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். இந்த வகை மாத்திரைகள் அதை மேலும் குறைக்கின்றன. சேதமுற்ற தசையிலிருந்து கசியும் புரதத்தை வடிகட்டும் வேலையும் அதே சிறுநீரகத்துக்குத்தான். சோடியம் குறையும் அபாயமும் இம்மாத்திரைகளால் கூடுகிறது. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலை இருந்தால், இரண்டாம் போட்டியில் இறங்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். வலியைக் குறைக்க வேண்டுமென்றால் 10 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்த நீரில் இடுப்பளவு பத்து நிமிடம் உட்காருங்கள். சேதத்தை அது ஆற்றிவிடாது, ஆனால் மறுநாள் காலில் உணரும் கனத்தைக் குறைக்கும். அழுத்தமான மசாஜ் அன்று வேண்டாம்.

கேள்வி: டிரெயிலில் கால் சிராய்த்து, நீர்க்கொப்புளமும் வந்தால் மறுநாள் ஏரியில் நீந்தலாமா?

சிறு சிராய்ப்பென்றால் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு மண் துகள் இல்லாமல் கழுவி, நீர்புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நீந்தலாம். முடிந்த உடன் மீண்டும் கழுவ வேண்டும். ஆழமான வெட்டுக் காயத்தோடு ஏரியிலோ ஆற்றிலோ இறங்காதீர்கள். கொப்புளம் சிறிதாக, வலிக்காமல் இருந்தால் உடைக்க வேண்டாம்.

கேள்வி: களைத்த காலோடு நீந்தும்போது கெண்டைக்காலில் பிடித்துக்கொள்கிறது. திறந்த நீரில் அது நேர்ந்தால் என்ன செய்வது?

முதலில், காலை வேகமாக அடிப்பதை நிறுத்திவிடுங்கள். கைகளால் நீந்துங்கள், கால் உடலை நேராக வைத்திருக்கும் அளவுக்கு மட்டும் மெல்ல அசையட்டும். கால் விரல்களைக் கூர்மையாக நீட்டி விறைப்பாக வைத்திருப்பதே பல சமயம் பிடிப்பைத் தூண்டுகிறது. பிடித்துக்கொண்டால் மல்லாந்து மிதந்து, பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கி, மூச்சைச் சீராக விடுங்கள். மிதவையையோ நின்றிருக்கும் படகையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்க விதி அனுமதிக்கிறது. பிடித்தபடியே முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். தயங்காமல் கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

வெட்சூட் எனப்படும் ரப்பர் நீச்சல் உடையை அணிய வாய்ப்பிருந்தால் இந்த வார இறுதியில் கட்டாயம் அணியுங்கள், ஏனெனில் அதன் மிதப்பு காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி, வயதுப் பிரிவில், அதாவது தொழில்முறை சாராத போட்டியாளர்களுக்கு, 1500 மீட்டர் வரையிலான நீச்சலுக்கு நீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட்டுக்கு அனுமதி இல்லை. உங்கள் போட்டியின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டாம் நாள் இதயத்துடிப்பு கடிகாரத்தில் வழக்கத்துக்கு மாறாகக் காட்டுகிறது. அதை நம்பி ஓடலாமா?

வேண்டாம். களைத்த உடலில் துடிப்பு சிலருக்குக் கூடும், சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் ஏறாது. உணர்வை நம்புங்கள்: சைக்கிளில் முதல் கால் பகுதியை, இது மிக எளிதாக இருக்கிறதே என்று தோன்றும் அளவில் ஓட்டுங்கள். வழக்கமாக மிதிப்பதைவிட ஒரு கியர் இலகுவாக வைத்து வேகமாகச் சுற்றினால் தொடைக்கு வேலை குறையும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தைச் சைக்கிளிலேயே உண்டு முடியுங்கள்; ஓட்டத்தில் வயிறு ஏற்றுக்கொள்ளாது.

கேள்வி: இரண்டு போட்டிக்கான பொருட்களையும் எப்படி அடுக்குவது?

இரண்டு தனிப் பைகள். டிரையத்லான் பையை வெள்ளிக்கிழமையே கட்டி முடித்து, சனிக்கிழமை முழுவதும் திறக்காமல் வைத்திருங்கள். டயரையும் பிரேக்கையும் அன்றே சோதித்துவிடுங்கள். களைத்த மனம் எதையாவது மறக்கும், பெரும்பாலும் எண் பட்டையை. டிரான்சிஷன் இடத்தில், அதாவது ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில், சிறு துண்டை விரித்து, சைக்கிளுக்கு மிக அருகில் உள்ள ஓரத்தில் சைக்கிள் காலணி, அதன் பின்னால் எலாஸ்டிக் கயிறு போட்ட ஓட்டக் காலணி, அதனுள் சுருட்டிய காலுறை, ஹேண்டில்பாரின் மேல் மல்லாத்திய ஹெல்மெட், அதற்குள் கண்ணாடி என்று வையுங்கள். ஹெல்மெட்டின் பட்டையைப் பூட்டிய பிறகே சைக்கிளை நிறுத்தத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது விதி. களைப்பில் அதிகம் பேர் தவறுவது இதில்தான். குனிந்து காலுறை போட அன்று தொடை ஒத்துழைக்காது. ஒரு நிமிடம் கூடுதலானாலும் உட்கார்ந்தே போடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 54. இது எனக்குப் பொருந்துமா? என் நண்பர் 50 கிலோமீட்டர் டிரெயிலும் மறுநாள் 1.9, 90, 21.1 கிலோமீட்டர் கொண்ட அரை தூர டிரையத்லானும் செய்யப் போகிறார், அது சரியா?

உங்களுக்குப் பொருந்தும். வயது கூடக்கூடத் தசை ஆறுவதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது என்பதால் ஸ்பிரின்ட் தூரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வேளைப் புரதத்தை 30 முதல் 40 கிராமாக உயர்த்துங்கள். இதயப் பரிசோதனை செய்து நாளாகியிருந்தால் செய்துவிடுங்கள். உங்கள் நண்பரின் திட்டத்தை, பல ஆண்டு அனுபவம் இல்லாத எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலை, போட்டியில் இறங்கலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது?

எழுந்ததும் படிக்கட்டுக்குப் போய், கைப்பிடியைப் பிடிக்காமல் பத்துப் படி இறங்கிப் பாருங்கள். இரண்டு தொடையும் ஒரே அளவில் வலித்தாலும், நாலைந்து படிக்குப் பின் அசைவு இலகுவானால் போட்டியில் இறங்கலாம். ஒரு பக்கம் மட்டும், ஒரு புள்ளியில் குத்துவது போல வலித்தாலோ, நடையே கோணினாலோ, மூட்டு வீங்கியிருந்தாலோ விட்டுவிடுங்கள். சிறுநீர் அடர் பழுப்பு நிறத்தில் போனாலோ, தசை வீங்கிக் கல்லாக இறுகியிருந்தாலோ போட்டியை மறந்துவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசைச் சிதைவின் அறிகுறிகள் இவை, காத்திருக்கக் கூடாதவை. காய்ச்சல், மார்பில் அழுத்தம், தலைசுற்றல் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: அடுத்த சனிக்கிழமை ஒரு 10 கிலோமீட்டர் சாலைப் போட்டி இருக்கிறது. அதற்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். ஓடலாமா?

வேண்டாம். வலி சில நாட்களில் போய்விடும், ஆனால் தசையின் வலு திரும்ப அதைவிட நாளாகும். அந்த வாரம் முழுவதும் இலேசாக நீந்துங்கள், சைக்கிள் ஓட்டுங்கள், நன்றாகத் தூங்குங்கள். ஓட்டத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தோடு தொடங்குங்கள்.