எத்தனை ஏ வாங்கினாலும் தீராத களைப்பு

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். நன்றாகப் படித்து, நல்ல பதவிக்கு வந்து, அங்கே வற்றிப்போனவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கேளுங்கள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்: சிப் தொழிற்சாலையில் மேலாளர். பதவி உயர்வுக்குப் பிறகு, தினமும் காலையில் காருக்குள்ளேயே இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். இது மனச்சோர்வா, பணிச்சோர்வா?

முதலில் ரத்தப் பரிசோதனை: தைராய்டு, இரும்புச்சத்து, சர்க்கரை. தைராய்டு குறைந்தவரிடம் குழந்தைப் பருவத்தை விசாரித்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

பணிச்சோர்வை உலகச் சுகாதார நிறுவனம் நோயாக வகைப்படுத்தவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த அதன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 அதை வேலை சார்ந்த நிலை என்கிறது: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பது, செய்வது எதுவும் உருப்படியில்லை என்று தோன்றுவது. மூன்றும் வேலையைச் சுற்றியே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பாலிக் புலாவில் லக்சா ருசிக்கிறதா? ருசித்தால் ஓரளவு நல்ல செய்தி. அங்கேயும் எதுவும் பிடிக்காமல், விடியுமுன் விழிப்பு வந்து, எழாமலே போயிருக்கலாம் என்ற நினைப்பு ஓடினால், மனநல மருத்துவரை உடனே பாருங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

பங்சார் வழக்கறிஞர்: எந்தச் சிகிச்சை முறை வேகமானது?

வழக்கறிஞர்கள் எல்லாரும் இதையே கேட்கிறார்கள். எண்ணங்களைக் குறித்து வரச் சொன்னால் நான்கு நிறத்தில் அட்டவணை போட்டுக்கொண்டு வருவார்கள். பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ஏ என்று வீட்டில் கேட்ட நாளில் தொடங்கிய கணக்கு இது: நன்றாகச் செய்தால்தான் நான் ஓர் ஆள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்ப்போம். ஓர் அறிக்கையை மூன்றாம் முறை திருத்தாமல் அனுப்புங்கள். அனுப்புமுன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்து ஒப்பிடுவோம். பெரும்பாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சிலருக்கு அது நிம்மதி, சிலருக்கு அவமானம். அந்த அவமானத்தைத்தான் பேச வேண்டியிருக்கும். வாரம் ஒரு முறை, சில மாதங்கள்.

செபராங் ஜெயா: மாத்திரை எழுதித் தருவீர்களா?

மாட்டேன். அது மருத்துவர் வேலை.

பெட்டாலிங் ஜெயா: வாழ்வியல் பயிற்றுநர் ஒருவர் மூன்று நாள் முகாமுக்கு 900 ரிங்கிட் கேட்கிறார்.

பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆலோசகருக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவ உளவியலாளருக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம். பயிற்றுநருக்கு இரண்டும் இல்லை.

சுங்கை சிப்புட் பெரியவர்: என் தாயார் ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய், பால்மரம் வெட்டி, எட்டுப் பிள்ளை வளர்த்தார். ஏசி அறையில் இருப்பவருக்கு என்னம்மா சோர்வு?

ஐயா, தோட்டத்தில் கள்ளுக்கடை எதற்கு நிறைந்திருந்தது? பெண்களுக்கு அதுவும் இல்லை. சாமி வந்து ஆடியபோதுதான் சிலர் வாய்விட்டு அழுதார்கள். இன்னொன்று: பாலை நிறுத்துக் கொடுத்ததும் அன்றைய மரம் முடிந்தது. இவர்கள் மரம் இரவு பதினொரு மணிக்கும் கைப்பேசியில் பால் சொட்டுகிறது.

பெரியவர்: அப்படியானால் குற்றம் முதலாளியுடையது. சிகிச்சை தொழிலாளிக்கு ஏன்?

சரியான அடி. பணிச்சோர்வை ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பல ஆண்டுகளாகச் சொல்வதும் இதைத்தான்: வேலைப்பளு, சுயாதீனம், வெகுமதி, சக ஊழியர் உறவு, நியாயம், விழுமியம் ஆகியவற்றில் ஆளும் வேலையும் பொருந்தாதபோது சோர்வு வருகிறது. மலேசியாவில் 2023 சனவரியில் வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் அலுவலக ஊழியருக்குச் சட்டப்படி மிகைநேரச் சம்பளம் கிடையாது. அவருடைய இரவு முதலாளிக்கு இலவசம். முறிந்தவரைத் தேற்றி அதே நாற்காலிக்குத் திருப்பி அனுப்புவது மட்டும் சிகிச்சை என்றால் நான் முதலாளியின் ஆள். என்னிடம் வந்து ராஜினாமா செய்தவர்கள் உண்டு. அதைத் தோல்வியாக நான் எழுதி வைப்பதில்லை.

ஈப்போ ஆசிரியை: எப்போதும் களைப்பு. எங்கே தொடங்குவது?

ரத்தப் பரிசோதனை. மேலே பாருங்கள்.

கிள்ளான்: தியானம் செய்தால் போதாதா?

தியானம் செய்யுங்கள். ரத்தப் பரிசோதனையும்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்: நாளைக்கே போகிறேன். முடிவுகளை அட்டவணை போட்டு அனுப்பட்டுமா?

அட்டவணை வேண்டாம்.